குக்கர் விசிலுக்கும் பாடம் எடுக்கும் 14 வயசு

"விசில் எண்ணுறதெல்லாம் மூடநம்பிக்கைம்மா" என்று விருந்தாளிகள் முன்னாடி உங்கள் 14 வயசுப் பையன் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அது பாதி சரிங்க. முதலில் அதை ஒத்துக்கொண்டுவிடுங்கள், சண்டை பாதி அடங்கிவிடும். பருப்பை வேகவைப்பது உள்ளே இருக்கும் கிட்டத்தட்ட 120 டிகிரிச் சூடும் நேரமும்தான். விசில், மிஞ்சிய ஆவி வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும் சத்தம். ஆனால் அடுப்படியில் அந்த மூணு விசில்தான் உங்கள் கடிகாரம். அந்த மீதிப் பாதி அவனுக்குத் தெரியாது.

அத்தனை பேர் முன்னாடி சொன்னான் என்பதுதான் உங்களுக்கு வலி. பெரும்பாலும் அது திமிர் இல்லைங்க. படித்ததை உரசிப்பார்க்க பயமில்லாத ஆள் வீட்டில் நீங்கள்தான். நிதானம் சொல்லித்தரும் மூளையின் முன்பகுதி முழுசாக முதிர கிட்டத்தட்ட 25 வயசு ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சாம்பாரை அவனிடம் விட்டுப் பாருங்கள். கேஸ்கட்டையும் தண்ணீர் அளவையும் மட்டும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள் (இதுதான் கஷ்டம்). என் மகள் பருப்போடு புளியையும் சேர்த்துக் கரைத்து ஊற்றிவிட்டாள். எட்டு விசிலுக்கும் பருப்பு மசியவில்லை. "புளிப்பு இருந்தா பருப்பு வேகாதுப்பா, தெரியாதா?" என்று சாயங்காலம் எனக்கே வகுப்பு எடுத்தாள்.

வாதாடுகிற வரை கவலை வேண்டாம். பேச்சே நின்று, தூக்கமும் சாப்பாடும் மாறினால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.