கேட்க நினைத்தது ஒன்று, தட்டியது வேறொன்று

கேள்வி: எனக்கு என்ன வேண்டும் என்பது மனதில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் தேடினால் வேறு ஏதோ வருகிறது. கோளாறு எங்கே?

தெளிவாக இருப்பதாக நினைப்பதில்தான் பாதிக் கோளாறு. நூலகத்துக்குக் கேள்வியோடு வருபவர்களைப் பற்றி 1968-இல் எழுதிய ராபர்ட் டெய்லர், தேவைக்கு நான்கு நிலைகள் உண்டு என்றார். முதலில் சொல்லே இல்லாத ஓர் உறுத்தல். அடுத்து, நண்பரிடம் சுற்றி வளைத்துச் சொல்ல முடிகிற நிலை. பிறகு ஒரே வாக்கியத்தில் அடங்கும் கேள்வி. கடைசியில், எதிரில் இருப்பவருக்கோ கருவிக்கோ எது புரியும் என்று நாமே ஊகித்துக் கத்தரித்த கேள்வி. தேடுபொறியில் தட்டுவது இந்த நான்காவதைத்தான். வந்த விடையையோ மனதுக்குள் தங்கிவிட்ட முதல் மூன்றோடு ஒப்பிட்டு, "இது இல்லையே" என்கிறோம்.

இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிடலாமா என்று அறிய வந்தவர், "மருத்துவப் புத்தகம் எந்த அலமாரியில்?" என்றுதான் கேட்பார். அலமாரியைக் காட்டிவிட்டால் அவர் வெறுங்கையோடு திரும்புவார். அனுபவமுள்ள நூலகர், "எந்த இடத்தில் தடைப்பட்டு நிற்கிறீர்கள்? கிடைத்தால் எதற்குப் பயன்படும்?" என்று கேட்பார். "ஏன்?" என்று மட்டும் கேட்கமாட்டார், அது விசாரணை மாதிரி ஆகிவிடும்.

அதையே உங்களிடம் நீங்களே கேட்டுக்கொள்ளலாம். தட்டுவதற்கு முன் ஒரு துண்டுத்தாளில் மூன்று வரி: எங்கே தடைப்பட்டேன், ஏற்கெனவே என்ன தெரியும், விடை கிடைத்ததும் என்ன செய்வேன். கூடவே விடை எந்த உருவத்தில் வேண்டும் என்பதையும் குறியுங்கள். ஓர் எண்ணா, படமா, செய்முறையா, ஒப்பீட்டு அட்டவணையா? அந்தச் சொல்லையும் தேடலில் சேர்த்தால், பொத்தாம்பொதுவான அறிமுகக் கட்டுரைகள் பெரும்பாலும் பின்னுக்குப் போகும்.

கேள்வி: பொருள் தெரிகிறது, பெயர் தெரியவில்லை. எப்படித் தேடுவது?

பலருக்கும் உள்ள சிக்கல் இது. ஒரே பொருளுக்கு இரண்டு பேர் தாமாக ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவு என்று ஆய்வாளர் ஜார்ஜ் ஃபர்னாஸ் குழுவினர் 1987-இல் காட்டினார்கள். அதனால் முதல் தேடலில் விடையை எதிர்பார்க்காதீர்கள்; சொல் பொறுக்கவே அது. "குழாய்க்குள் இருக்கும் ரப்பர் வளையம்" என்று வர்ணித்துத் தேடினால் "வாஷர்" என்ற சொல் கண்ணில் படும். இரண்டு மூன்று பக்கம் பார்த்தால் போதும். கிடைத்த சொல்லோடு, அளவும் சேர்த்து, இரண்டாவது தேடலைத் தொடங்குங்கள்.

கேள்வி: படிக்கப் படிக்கக் குழப்பம் கூடுகிறதே?

கூடத்தான் செய்யும். மாணவர்களின் தேடலை ஆராய்ந்த கரோல் கூல்தாவ், அதை ஆறு கட்டங்களாகப் பிரித்தார். மூன்றாவதான அலசும் கட்டத்தில் குழப்பமும் சந்தேகமும் ஏறும். நான்காவதில் ஒரு கோணம் பிடிபடும். பலர் மூன்றாவதிலேயே விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் அகப்பட்டதையெல்லாம் சேமித்துக் குவிக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். படிப்பதைச் சற்று நிறுத்தி, துண்டுத்தாளின் மூன்றாவது வரியைப் பாருங்கள். இதற்குள் உங்கள் தேவையே மாறியிருக்கலாம். மாறியிருந்தால் பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள்.