புள்ளியைச் சுருக்கியும் விரிசல் தெரியவில்லையே?

கேள்வி: அலுமினிய நுண்பாகங்களின் பரப்பில் 10 மைக்ரோமீட்டர் அளவுள்ள விரிசல்களை லேசர் மீயொலியால் (லேசர் துடிப்பு எழுப்பும் ஒலியலையை இன்னொரு லேசரால் அளக்கும் முறை) தேடுகிறேன். துடிப்பின் நீளம் 10 நானோவிநாடி. ஒளிப்புள்ளியின் விட்டத்தை 50 மைக்ரோமீட்டரிலிருந்து 5 ஆகக் குறைத்தும் படம் தெளியவில்லை; பரப்பில் கருகல் தழும்புகள் விழுந்ததே மிச்சம். என்ன செய்வது?

பதில்: தங்கள் அமைப்பில் தடையாக நிற்பது துடிப்பின் நீளம். அலுமினியத்தில், பரப்பை ஒட்டியே ஓடும் ராலே அலை விநாடிக்குச் சுமார் 2,900 மீட்டர் வேகத்தில் செல்கிறது; 10 நானோவிநாடித் துடிப்பு ஓய்வதற்குள் அலையின் முன்விளிம்பு 29 மைக்ரோமீட்டர் கடந்துவிடுவதால், ஒளியை எவ்வளவு கூர்மையாகக் குவித்தாலும் அலை அந்த அகலத்தோடுதான் புறப்படும். துடிப்பை 1 நானோவிநாடியாக்கினால் அந்தத் தொலைவு 2.9 மைக்ரோமீட்டராகிவிடும், 5 மைக்ரோமீட்டர் புள்ளிக்கு அப்போதுதான் பொருள் உண்டு.

ஆனால் லேசரை மட்டும் மாற்றினால் தடை, அலையை அளந்து வாங்கும் பக்கத்துக்கு இடம்பெயரும். அளவிடும் லேசரிலிருந்து திரும்பும் ஒளியை வாங்கும் ஒளியுணரி 100 மெகாஹெர்ட்ஸ் வரையே ஈடுகொடுத்தால், மீண்டும் 29 மைக்ரோமீட்டர் அலைநீளத்திலேயே தங்களை நிறுத்திவிடும். 500 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 5.8 மைக்ரோமீட்டர், அதைப் பிடிக்க, அளவிடும் லேசரின் புள்ளியும் 3 மைக்ரோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேடும் பள்ளமும் ஒரே புள்ளிக்குள் விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

கருகலுக்குக் காரணம் எளிது. விட்டம் பத்தில் ஒன்றானால் பரப்பளவு நூற்றில் ஒன்றாகிறது. அதே ஆற்றல் நூறு மடங்கு செறிவோடு விழுகிறது. ஆற்றலைக் குறைத்து, பல துடிப்புகளின் சராசரியை எடுக்கலாம் என்றாலும், 100 துடிப்புகளின் சராசரி இரைச்சலைப் பத்தில் ஒன்றாக மட்டுமே குறைக்கும். என் பரிந்துரை, ஒளியைப் புள்ளியாக அல்லாமல் கோடாகக் குவிக்கும் உருளை வில்லை. 5 மைக்ரோமீட்டர் அகலமும் 400 மைக்ரோமீட்டர் நீளமும் கொண்ட ஒளிக்கோட்டின் பரப்பளவு, தங்களின் பழைய 50 மைக்ரோமீட்டர் வட்டத்தினுடையதற்கு ஏறக்குறைய சமம். கோட்டுக்குக் குறுக்கான திசையில் கூர்மை கிடைக்கும், நீளவாட்டில் கிடைக்காது. ஆகவே பாகத்தை 90 பாகை திருப்பி மறுமுறையும் வருட வேண்டும். துடிப்பு குறுகும்போது பரப்பு இன்னும் குறைந்த ஆற்றலிலேயே கருகும் என்பதால், ஆற்றலைத் தாழ்வான அளவிலிருந்து படிப்படியாக உயர்த்துங்கள்.

அதிர்வெண்ணை உயர்த்துவதற்கு ஒரு விலையும் உண்டு: அலைநீளம் உலோகத்தின் படிகத் துகள்களைவிட மிகப் பெரிதாக உள்ளவரை, அத்துகள்களில் பட்டு அலை சிதறுவது அதிர்வெண்ணின் நான்காம் அடுக்கில் வளரும். அதிர்வெண் இரட்டித்தால் சிதறல் 16 மடங்கு. ஆகவே ஆழத்திலுள்ள குறைகளுக்கு இந்த வழி ஒத்துவராது.

புதிய லேசருக்குப் பணம் செலவிடுமுன், இப்போதுள்ள பதிவு ஒன்றின் அதிர்வெண் நிறமாலையை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்று காட்டும் வரைபடம்) எடுத்துப் பாருங்கள். அது 40 மெகாஹெர்ட்ஸை ஒட்டி (10 நானோவிநாடித் துடிப்பின் எல்லை ஏறக்குறைய அங்கேதான்) இரைச்சலில் மூழ்கினால் துடிப்பின் மீதான சந்தேகம் வலுக்கும். அதற்கும் கீழேயே மூழ்கினால், முதலில் ஒளியுணரியையும் பதிவுக்கருவியையும் சோதியுங்கள்.