அங்கன்வாடி சரியில்லை என்றால் மனு எந்த அலுவலகத்துக்கு?

கேள்வி: பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம். எங்கள் தெரு அங்கன்வாடி வாடகைக்கு எடுத்த ஒரே அறை. 32 பிள்ளைகள், கழிப்பறை கிடையாது. சோறு போட்டு அனுப்பிவிடுகிறார்கள். மாநகராட்சியில் மனு கொடுத்தும் பதில் இல்லை. நாலு வயது மகளைத் தனியார் எல்.கே.ஜி.யில் போட்டுவிடலாமா?

பதில்: மனு வாசல் மாறிப் போயிருக்கிறது. டீச்சர், ஹெல்ப்பர், சத்துணவு, விளையாட்டுச் சாமான், அறை வாடகை எல்லாமே மாநில மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையின் பொறுப்பு. 1975-ல் தொடங்கிய ஐ.சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சி) திட்டம் இது. முதலில் உங்கள் வட்டத்து அங்கன்வாடிகளைக் கவனிக்கும் சூப்பர்வைசரைப் பாருங்கள்; அவருக்கு மேலே சி.டி.பி.ஓ., அதாவது குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர். மாநகராட்சியிடம் கேட்க வேண்டியது இடம்: பூட்டிக் கிடக்கும் மாநகராட்சிக் கட்டடத்தில் ஓர் அறை, அல்லது கழிப்பறையோடு ஒரு கட்டடம். 2025 செப்டம்பரில் பழைய பெங்களூரு மாநகராட்சி (பி.பி.எம்.பி.) ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டதால், உங்கள் வார்டு எதில் வருகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். கட்டட நிதிக்கு எம்.எல்.ஏ. அலுவலகத்திலும் கேட்கலாம். தண்ணீர்க் குழாய் என்றால் குடிநீர் வாரியம்.

“வசதி சரியில்லை” என்று பொதுவாக எழுதினால் மனு கோப்போடு தூங்கிவிடும். அளவைச் சொல்லுங்கள். 2013-ன் தேசிய முன்பருவக் கல்விக் கொள்கைப்படி 30 பிள்ளைகளுக்கு 35 சதுர மீட்டர், அதாவது சுமார் 375 சதுர அடி அறை வேண்டும்; வெளியே விளையாட 30 சதுர மீட்டர்; 3 முதல் 6 வயதுள்ள 20 பேருக்கு ஒரு பெரியவர்; பிள்ளைகளுக்கேற்ற கழிப்பறை, தனிச் சமையலிடம். டேப் வைத்து அறையை அளந்து, வருகிற பிள்ளைகளை எண்ணி, இரண்டையும் மனுவில் எழுதுங்கள். மனு கன்னடத்தில் இருக்கட்டும். பத்துப் பெற்றோராவது கையெழுத்திட்டு, நகலில் முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, வாடகை ஒப்பந்த நகலும் விளையாட்டுச் சாமான் கடைசியாக வந்த தேதியும் கேளுங்கள். கெடு 30 நாள். கர்நாடகத்தில் ஒரு விண்ணப்பத்தில் ஒரே விஷயம்தான் கேட்கலாம், அதுவும் 150 சொல்லுக்குள். ஆகவே இரண்டையும் தனித்தனியாகப் போடுவது நல்லது.

கழிப்பறை வந்துவிட்டால் படிப்பும் வந்துவிடும் என்று இல்லை. டீச்சரிடம் சொல்லிவிட்டு ஒரு காலை முழுக்க உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் பேசுகிறார்களா, டீச்சர் மட்டும் பேசுகிறாரா? கதையும் பாட்டும் நடக்கிறதா? சாமான் பிள்ளைகள் கையில் இருக்கிறதா, பீரோவில் பூட்டியிருக்கிறதா? உடைந்தால் கணக்குச் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் பூட்டி வைக்கிற டீச்சர்கள் உண்டு. உடைந்தாலும் பரவாயில்லை என்று எழுதிக் கொடுத்து அந்தப் பயத்தைப் போக்க வேண்டியவர் சூப்பர்வைசர். போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலியில் பதிவு, கணக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல் வேலை என்று டீச்சரின் காலை நேரம் கரைவதும் ஒரு காரணம். அதனால் டீச்சரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மாதம் ஒருமுறை பெற்றோருக்காக நடத்த வேண்டிய ஈ.சி.சி.இ. (முன்பருவக் கல்வி) தினம் எப்போது என்று கேட்டு, அன்று பேசுங்கள்.

வீட்டில் தமிழ், அங்கே கன்னடம் என்பது பிரச்சினையே இல்லை. பிள்ளை தமிழில் பதில் சொன்னால் டீச்சர் அடக்காமல் இருந்தால் போதும். கன்னடம் தானாக வரும்.

எல்.கே.ஜி.க்கும் இதே சோதனைதான். நாலு வயதில் வரிசையாக உட்கார்ந்து எழுத்தைப் பார்த்து எழுத வைக்கிற இடத்துக்குப் பணம் கட்டுவதைவிட, ஒழுங்காகப் பேச்சும் ஆட்டமும் நடக்கிற அங்கன்வாடி மேல். ஆனால் கழிப்பறை இல்லாத அறையில் பெண் பிள்ளை நாலு மணி நேரம் அடக்கிக்கொண்டு இருக்கக் கூடாது. பக்கத்து வட்டத்தில் நல்ல கட்டடத்தில் அங்கன்வாடி இருக்கிறதா என்று இப்போதே விசாரித்து மாற்றிவிடுங்கள்; மனு அதன் வழியில் போகட்டும்.

அங்கன்வாடியே இல்லாத குடிசைப் பகுதி பக்கத்தில் இருந்தால் அங்குள்ளவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் இருந்தால், கேட்ட மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும் என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பிள்ளைகளின் பெயர், வயதுப் பட்டியலோடு சி.டி.பி.ஓ.விடம் கொடுக்க வேண்டும்.