அம்மப்பாவின் வளவு: கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

எங்கள் அம்மப்பாவின் வளவு (வீடும் அதைச் சுற்றிய காணியும்) மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், பட்டிப்பளையில் இருந்து உள்ளே போகும் பக்கம் இருக்கிறது. 2007 பங்குனியில் ஷெல்லடிக்குள் வெளிக்கிட்ட குடும்பம் பிறகு களுவாஞ்சிகுடியிலேயே தங்கிவிட்டது. போன மாதம்தான் நான் திரும்பப் போய்ப் பார்த்தேன். வீடு இல்லை. ஒரு மண்மேடு, பக்கத்தில் அடுக்கி வைத்த ஓடுகள், ஒரு உரல், தூர்ந்துபோன கிணறு, வளைந்த நாலு தென்னை. ஒரு மூலையில் மட்டும் ஊமத்தையும் நாயுருவியும் அடர்ந்து நிற்கின்றன. பெரியம்மாவின் மகன் பெக்கோ இயந்திரம் விட்டு மட்டப்படுத்திக் கச்சான் (நிலக்கடலை) போடப் போகிறார். இதில் தொல்லியல் என்று பார்க்க ஏதும் உண்டா, இல்லை நான் மனவருத்தத்தில் கேட்கிறேனா? கிணற்றைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சி,

மனவருத்தத்தில் கேட்டாலும் சரியான கேள்விதான். தொல்லியல் என்றவுடன் நம் ஆட்களுக்குக் கதிரவெளிப் பெருங்கற்காலக் கல்லறைகள்தான் ஞாபகத்துக்கு வரும். மனிதர் விட்டுப்போன பொருளையும் அது கிடக்கும் இடத்தையும் வைத்து அவர்கள் இருந்த விதத்தை அறிவதுதான் அந்தப் படிப்பு. அதற்கு ஆயிரம் வருடம் ஆகியிருக்க வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் இருக்கும் ஐந்தாறு வரியிலேயே எவ்வளவோ கிடக்கிறது.

மண்மேட்டில் இருந்து தொடங்குகிறேன். களிமண் சுவர் வீட்டுக்குக் கூரை போனால் மழை சுவரைக் கரைக்கும். கரைந்த மண் தரையின் மேல் படிந்து அதை மூடிவிடும். ஆகவே அந்த மேட்டுக்குக் கீழே சாணம் மெழுகிய தரையும், அடுப்பு எரிந்து சிவந்த மண்ணும், திண்ணைக் குந்தின் விளிம்பும் அப்படியே இருக்கக்கூடும். பெக்கோ ஒரு அடி வழித்தால் போதும், எல்லாம் போய்விடும்.

அடுக்கிய ஓடுதான் என்னை நிறுத்தியது. ஷெல்லடிக்குள் ஓடுகிறவர்கள் ஓடு கழற்ற மாட்டார்கள். குடும்பம் போன பிறகு யாரோ நிதானமாக வந்து, ஒவ்வொன்றாக இறக்கி, உடையாமல் அடுக்கி, ஏற்றிப்போக வராமலே விட்டிருக்கிறார்கள். உங்கள் மாமாமாரிடம் கேளுங்கள், யாருக்காவது தெரிந்திருக்கும். தட்டையான ஓடு என்றால் ஒன்றைத் திருப்பி, அடிப்பக்கத்தில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மாதிரி ஓடு 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையில் இருந்து பரவியது. பிறகு இலங்கையிலும் செய்தார்கள். முத்திரை இருந்தால் எங்கே செய்த ஓடு என்று தெரியும், கூரை போட்ட காலமும் ஓரளவு பிடிபடும். பார்த்துவிட்டு இருந்த மாதிரியே வைத்துவிடுங்கள்.

உரல் ஏன் கிடக்கிறது? 2014இல் மண்முனைப் பாலம் வருமுன் அந்தப் பக்கத்து ஆட்கள் பலர் வாவியைக் கடந்தது பாதை என்று சொல்லும் மிதவையிலும் தோணியிலும்தான். தலையில் ஏறுவது போனது, ஏறாதது நின்றது. அம்மியும் பக்கத்தில் எங்கேயாவது கிடக்கும், புல்லை விலக்கிப் பாருங்கள்.

ஊமத்தை நிற்கும் மூலை மாட்டுப்பட்டியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். சாணமும் மூத்திரமும் சேர்ந்த நிலத்தில் பொஸ்பேற்று நிறையத் தங்கும், நூற்றாண்டுக் கணக்கில் கூடக் கிடக்கும். பழைய பட்டிகளைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் மண்ணை எடுத்து அதைத்தான் அளக்கிறார்கள். தென்னைகளின் வளைவு 1978 கார்த்திகை (நவம்பர்) 23ஆம் தேதி அடித்த சூறாவளியாக இருக்கலாம். சரிந்த தென்னை சாகாவிட்டால் குருத்து திரும்ப மேலே நிமிரும், மரத்தில் அந்த வளைவு நின்றுவிடும். அடி சரிந்து மேலே நிமிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

என் கதையையும் சொல்லவேண்டும். உன்னிச்சைப் பக்கம் எங்களுக்கு ஒரு வயல் வாடி, வயலில் தங்கும் குடில், இருந்தது. மட்டப்படுத்துவோம் என்று அப்பா சொன்னபோது நானும் தலையாட்டினேன். பிறகு உழுத சாலில் ஒரு மண்கட்டி கிடந்தது, செங்கல் மாதிரிச் சுட்டுப்போய். அம்மம்மா போட்ட அடுப்பின் துண்டு. ஒரு பக்கத்தில் மூன்று விரலால் வழித்த தடம். மறுபக்கத்தில் சின்னச் சின்ன உமி அச்சு, நெல்லின் சொரசொரப்புக் கூடத் தெரிகிறது. களிமண்ணோடு உமி கலந்து பிசைந்திருக்கிறா. சுட்ட மண்ணில் விழுந்த அந்த மாதிரி அச்சை வைத்துத்தான் பழங்காலத்தில் என்ன நெல் விளைந்தது என்று பார்க்கிறார்கள். ஆனால் என் கையில் இருப்பது எந்த இடத்து அடுப்பு, வீட்டு அடுப்பா, சூடடிக்கும் காலத்தில் களவெட்டியில், நெல் அடிக்கும் களத்தில், போட்டதா? இனி யாராலும் சொல்ல முடியாது. அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

கிணற்றைத் தோண்ட வேண்டாம். ஈரச் சேற்றுக்குள் மரமும் கயிறும் கூட உக்காமல் கிடக்கும், ஆகவே முறை தெரியாமல் கை வைத்தால் அதிகம் கெடுவது கிணறுதான். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி, தொல்பொருள் தேடி அகழ்வதென்றால் சொந்தக் காணியிலும் அனுமதிப்பத்திரம் வேண்டும். சட்டத்தை விடுங்கள், உயிர் முக்கியம். மட்டக்களப்பைக் கண்ணிவெடி அகற்றிய மாவட்டம் என்று 2017இல் அறிவித்தார்கள்தான். ஆனாலும் அந்த நேரத்தில் கிணற்றுக்குள் யார் எதைப் போட்டுவிட்டு ஓடினார்களோ.

தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டால் பெரியம்மாவின் மகன், உங்கள் அண்ணன், பயப்படுவார். அது நியாயமான பயம். 2020இல் கிழக்குத் தொல்பொருளுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. எந்த அரசாங்கக் கந்தோரையும் (அலுவலகத்தையும்) கூப்பிடச் சொல்லி நான் கேட்கவில்லை. இது உங்கள் குடும்பம் தன் வளவைத் தானே எழுதி வைக்கிற வேலை.

பெக்கோ வருமுன் இரண்டு நாள் கேளுங்கள். ஒரு அளவு நாடா, கொப்பி, போன் போதும். ஒரு தென்னையையும் கிணற்றையும் குறியாக வையுங்கள். இரண்டுக்கும் இடைத்தூரத்தை முதலில் அளந்துவிட்டு, ஒவ்வொரு பொருளும் இரண்டில் இருந்தும் எத்தனை மீற்றர் என்று எழுதுங்கள், பிறகு வீட்டில் இருந்தே வரைந்துவிடலாம். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அடிமட்டம் வையுங்கள். வடக்கு எது என்று குறியுங்கள். எதையும் பொறுக்க வேண்டாம்.

அடுத்த நாள் பெரியம்மாவைக் கூட்டிப் போங்கள். "இங்கே என்ன இருந்தது?" என்று கேட்காதீர்கள். "விடியக் காலையில் எழும்பினால் எங்கே போவீர்கள், நடந்து காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். அடுப்படி, கிணறு, பட்டி என்று கால் தானாகப் போகும். நீங்கள் பின்னால் நின்று குறியுங்கள்.

அண்ணனோடு சண்டை வேண்டாம், அவருக்குக் கச்சான் போடத்தான் வேண்டும். மேடு இருக்கும் துண்டை மட்டும் விட்டுச் சுற்றிப் போடலாமா என்று கேளுங்கள். மிஞ்சினால் நாலைந்து பேர்ச் வரும்.

வரைந்த தாளை எனக்கும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பெரியம்மா பட்டி என்று போய் நிற்கும் இடமும் ஊமத்தை நிற்கும் மூலையும் ஒன்றுதானா என்று அறிய ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
அண்ணா