"போனில் ஒன்றுமே இல்லையே!"

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு மாதமாகப் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி என்கிறாள். டாக்டர் ஒன்றுமில்லை என்றுவிட்டார். வாட்ஸ்அப் சத்தம் கேட்டாலே போனைக் கவிழ்த்து வைக்கிறாள். அவள் தூங்கியபின் எடுத்துப் பார்த்தேன். கெட்ட வார்த்தையோ மிரட்டலோ இல்லை. அவள் சாப்பிடும் போட்டோவை ஸ்டிக்கராக்கி அனுப்பியிருந்தார்கள், அவ்வளவுதான். "பிள்ளைகள் கிண்டல்தானே, போனைப் பிடுங்கி வை" என்கிறார் கணவர். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்: அன்புச் சகோதரி,

"அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் என் மனம் நின்றுவிட்டது. ஸ்டிக்கரை ஒருத்தி செய்தால் போதும், வகுப்பு முழுக்கச் சேமித்துக்கொள்ளலாம். உங்கள் மகள் கணக்கில் சந்தேகம் கேட்டால் அந்த ஸ்டிக்கர் வரும். யாருக்காவது பிறந்தநாள் வாழ்த்து சொன்னாலும் அதுவே வரும். ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் ஒரு குழந்தையின் வாயை அடைத்துவிடலாம்.

இன்னொன்று. நீங்கள் தேடியது அவள் போனில். அவளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மற்றவர்கள் போனில்தான் இருக்கும். அவளை மட்டும் விட்டுவிட்டுப் புது குரூப் தொடங்கியிருப்பார்கள். மறுநாள் வகுப்பில் எல்லோரும் எதற்கோ சிரிக்கும்போதுதான் அவளுக்கே தெரியவரும். அவளுக்கு நேரடியாக வந்தவற்றையும் அனுப்பியவர்களே எல்லோர் போனிலிருந்தும் அழித்திருக்கலாம், ஒருமுறை திறந்தால் மறையும் படமாக வந்திருக்கலாம். இவற்றோடு அவள் பெயரில் ஃபேக் ஐடி, பெயர் சொல்லாமல் வம்பு பேசும் இன்ஸ்டாகிராம் பக்கங்கள், 'யார் ரொம்ப மொக்கை' என்ற ஓட்டெடுப்பு, ஆன்லைன் கேமில் வசவு எல்லாமே இந்த இணையவழிக் கொடுமையின் (சைபர் புல்லிங்) முகங்கள்தான்.

உங்கள் கணவர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனாலும் போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் வீட்டில் வாயே திறப்பதில்லை. தூங்கும்போது போனைப் பார்த்ததை நீங்களே அவளிடம் ஒப்புக்கொள்ளுங்கள். வேறொருவர் மூலம் தெரிந்தால் நம்பிக்கை போய்விடும். "யார் செய்தது?" என்று விசாரணையைத் தொடங்க வேண்டாம். "அந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன்டா கண்ணு, எனக்கே வலிச்சுது" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அன்றே பேசாவிட்டாலும் பரவாயில்லை.

பேசினால், இருவரும் சேர்ந்து தேதி, நேரம், அனுப்பியவர் எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிளாக் செய்வது அதற்குப் பிறகு. பெற்றோர் குரூப்பில் போட்டு நியாயம் கேட்காதீர்கள், அது அவளை இன்னொரு முறை சபையில் நிறுத்துவதாகும். வகுப்பு ஆசிரியரைத் தனியாகப் பார்த்து, எழுத்தில் கொடுங்கள்.

அவள் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டியது போல ஏதாவது தெரியவந்தால் கதையே வேறு. சாட்சிக்காகக்கூட அதை யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். குழந்தைகளின் ஆபாசப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம். உடனே சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், கட்டணமில்லை.

டாக்டர் ஒன்றுமில்லை என்றதால் அந்த வயிற்றுவலியைப் பொய் என்று எண்ணிவிடாதீர்கள். பயத்தில் குழந்தைகளுக்கு நிஜமாகவே வயிறு வலிக்கும். நாளை காலை வலிக்கிறது என்றால் கொஞ்சம் ஓமத் தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். பள்ளி வாசல் வரை நீங்களும் கூடப் போங்கள்.