பழைய பானையும் பாகற்கொடியும்

கேள்வி: வீட்டில் மூன்று பழைய தண்ணீர்ப் பானைகளும், மீன் குழம்பு வைத்த சட்டி ஒன்றும், காலி பெயின்ட் டப்பாக்கள் இரண்டும் கிடக்கின்றன. கொல்லையில் பாகலும் புடலும் போட இருக்கிறேன்; கோடையில் தண்ணீர் போதாது, ஆழ்துளைக் கிணற்று நீரும் சற்று உவர்ப்பு. இவற்றைச் செடிகளுக்குப் பயன்படுத்தலாமா? (வாசகி, இராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: தண்ணீர்ப் பானைகள் மூன்றும் உங்களுக்குப் பெரிதும் உதவும். சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. அதே பானையைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பினால், சுற்றியுள்ள மண் உலர உலர நீரை இழுத்துக்கொள்ளும், ஈரமாக இருக்கும்போது கசிவு தானாகவே குறைந்துவிடும்.

ஆனால், பல கோடை கண்ட பானையின் துளைகள் உங்கள் ஊர்த் தண்ணீரின் உப்பால் அடைபட்டிருக்கக்கூடும் என்பதால், முதலில் நீர் நிரப்பி ஓர் இரவு வைத்து, காலையில் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் தெரியாவிட்டால் புளிக்கரைசலில் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேயுங்கள். அதற்கும் கசியாத பானையின் அடியில் ஆணியால் சிறு துளையிட்டு, பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் திரியாக இறுகச் செருகலாம். எண்ணெய் குடித்த சட்டி நீரைக் கசியவிடாது, ஆகவே அதை விட்டுவிடுங்கள்.

பானையைவிட ஒரு சாண் அகலமாகக் குழி எடுத்து, மட்கிய தொழு உரம் கலந்த மேல்மண்ணைச் சுற்றிலும் இட்டு, வாய் இரண்டு விரற்கடை மேலே தெரியும்படி புதையுங்கள். பானையிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி மூன்று, நான்கு விதைகள் ஊன்றினால் போதும். உவர் நீருக்கு இந்த நெருக்கம் மிக முக்கியம். ஏனெனில் ஈரம் பரவி நிற்கும் வெளி ஓரத்தில்தான் உப்பு சேரும். வேர் பானையை எட்டும்வரை மேலாகவும் தண்ணீர் தெளிக்க வேண்டும்; பிறகு பாதி குறையும்போதெல்லாம் நிரப்பி வந்தால் போதும். பஞ்சகவ்யம் போன்ற கரைசல்களைப் பானைக்குள் ஊற்றாமல் வேரடி மண்ணில் விடுங்கள், இல்லையேல் துளைகள் அடைபடும். வாயை எப்போதும் தட்டால் மூடிவையுங்கள். திறந்து கிடந்தால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும்.

பெயின்ட் டப்பாக்கள் உண்ணும் பயிருக்கு வேண்டாம். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுங்கள்.