கதைக்கென்று ஓர் இறந்தகாலம்

வணக்கம் சார்,

பிளஸ் டூவில் மார்க் வரும் என்று தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுத்தவள் நான். மார்க் வந்தது, மொழி வரவில்லை. இருபது வருடம் கழித்து, இப்போது ஆசைக்காக மறுபடி படிக்கிறேன். பேச்சு வகுப்பில் எப்படியோ சமாளிக்கிறேன். ஆனால் ஒரு சிறுகதையைத் திறந்தால் முதல் பத்தியிலேயே பாஸே செம்ப்ள் என்ற இறந்தகால வடிவம் வந்து நிற்கிறது. ஒவ்வொரு வினைக்கும் ஆறு வடிவம், அதில் இரண்டுக்குத் தலையில் தொப்பி (^) வேறு. வகுப்பில் கேட்டால், "அதை யாரும் பேசுவதில்லை, விட்டுவிடுங்கள்" என்கிறார்கள். யாரும் பேசாததை எதற்காக எழுதுகிறார்கள்? அட்டவணையை மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா? நேற்று ஒரு வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன்: "எல் ஃபினி ஸா லெத்ர் எ ஸ லவா." இதில் ஃபினி நிகழ்காலமா, இறந்தகாலமா? நீங்கள் இதை மொழிபெயர்த்தால் எப்படி எழுதுவீர்கள்?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் வகுப்பில் சொன்னது பாதி உண்மை. யாரும் பேசுவதில்லை என்பது சரி. ஆனால் விட்டுவிட்டால் கதை படிக்க முடியாது.

பேசக் கூடாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பிரெஞ்சு படிக்கத் தொடங்கிய காலத்தில், புதுச்சேரியில் ஒரு ரொட்டிக் கடையில் வயதான பிரெஞ்சுப் பெண்மணி ஒருவரிடம் பேச்சுக்கொடுத்தேன். நேற்றும் இங்கேதான் ரொட்டி வாங்கினேன் என்று சொல்ல நினைத்து, புத்தகத்தில் படித்தபடி "ழஷ்தே" என்றேன். அவர் ஒரு கணம் விழித்தார், அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ழே அஷ்தே" என்று மெதுவாகத் திருத்தினார். நம் இட்லிக் கடையில் ஒருவர் வந்து "நெருநல் ஈண்டு இட்டலி உண்டனென்" என்றால் நமக்கு எப்படி இருக்கும்? அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதைப் பிரெஞ்சுக்காரரை விடத் தமிழருக்குச் சொல்வது எளிது. நமக்கு "பேசினேன்" இருக்கிறது, "பேசியிருக்கிறேன்" இருக்கிறது. பிரெஞ்சில் "ழ பார்லே" என்ற பாஸே செம்ப்ள் முதலாவது; "ழே பார்லே" என்ற பாஸே கோம்போஸே இரண்டாவது. இரண்டாவதில் நம்முடையதைப் போலவே ஒரு துணைவினை உண்டு. நாம் இரண்டையும் இன்றும் தனித்தனி வேலைக்கு வைத்திருக்கிறோம். பிரெஞ்சுப் பேச்சில் "பேசியிருக்கிறேன்" மெல்ல மெல்ல "பேசினேன்"-ஐ விழுங்கிவிட்டது. விழுங்கப்பட்டது எழுத்தில் போய் ஒதுங்கிக்கொண்டது.

ஒரு காலத்தில் அவர்களும் இரண்டையும் பிரித்து வைத்திருந்தார்கள், அதுவும் கடிகாரத்தை வைத்து. 1660இல் வந்த போர்-ருவயால் இலக்கண நூல் சொல்லும் விதி இது: இன்றைக்கு நடந்ததற்குப் பாஸே செம்ப்ள் ஆகாது, குறைந்தது ஒரு நாளாவது கடந்திருக்க வேண்டும். அந்த நூல் வருவதற்கு முன்பே இந்த விதியை எவ்வளவு கறாராக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு நாடகாசிரியர் கொர்னேய் பட்ட பாடு சாட்சி. 1637இல் அரங்கேறிய அவருடைய 'லெ சித்' நாடகத்தில் ஒரு பிரபு, சற்றுமுன் தான் ஒருவரை அவமானப்படுத்தியதைப் பற்றிப் பாஸே செம்ப்ளில் பேசுகிறான். மொழிக்குக் காவலாக இருக்கும் பிரெஞ்சு அகாதெமி அந்த நாடகத்தைப் பரிசீலித்தபோது இதையும் பிடித்துக்கொண்டது: நடுவே ஓர் இரவுகூடக் கழியவில்லையே, எப்படி அந்தக் காலத்தில் சொல்லலாம்? கொர்னேய் பிற்பாடு அந்த வரியையே மாற்றி எழுதினார். தூங்கி எழுந்தால்தான் இலக்கணம் சம்மதிக்கும் என்ற நிலைமை எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, அட்டவணைக்கு வருவோம். நீங்கள் பயப்படுகிற அளவுக்கு அதில் சரக்கு இல்லை. பிரெஞ்சு வினைகளில் பத்துக்கு ஒன்பது, ஈ-ஆர் என்று முடிகிற முதல் வகை. அந்த இரண்டு எழுத்தை வெட்டிவிட்டு விகுதியை ஒட்ட வேண்டியதுதான். பார்லே என்ற வினை வரிசையாக இப்படிப் போகும்: பார்லே, பார்லா, பார்லா, பார்லாம், பார்லாத், பார்லேர். ஃபினிர் போன்ற ஐ-ஆர் வினைகளும் வாந்த்ர் போன்ற ஆர்-ஈ வினைகளும் ஒரே விகுதிகளைப் பங்குபோட்டுக்கொள்கின்றன: ஃபினி, ஃபினி, ஃபினி, ஃபினீம், ஃபினீத், ஃபினீர், வாந்தி, வாந்தி, வாந்தி, வாந்தீம், வாந்தீத், வாந்தீர். ஒழுங்கு வினைகளுக்கு அவ்வளவுதான். முதல் வகைக்கு 'ஆ', மற்ற இரண்டுக்கும் 'இ'.

இந்த ஆறிலும் கதை படிக்கிறவருக்கு அன்றாடம் தேவைப்படுவது படர்க்கை இரண்டும்தான்: பார்லா, பார்லேர், ஃபினி, ஃபினீர். கதை என்பதே அவன், அவள், அவர்களைப் பற்றியதுதானே. பிரான்சிலேயே 2016இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாஸே செம்ப்ளில் படர்க்கை மட்டும் போதும் என்றது. மொழியே போச்சு என்று ஒரு கூட்டம் கொதித்தது. எனக்கு அந்த முடிவில் தப்பு தெரியவில்லை. முன்னிலையில், அதாவது "நீ பேசினாய்" என்பதற்கு, அந்த வடிவத்தை நாவல்களில் நான் பார்த்ததே அபூர்வம்.

தன்மை ஒருமையில் மட்டும் ஒரு வம்பு உண்டு. ஏ-ஐ என்று முடிந்தால் "பேசினேன்". அதோடு ஓர் எஸ் சேர்ந்தால் எம்பர்ஃபே, அதாவது "பேசிக்கொண்டிருந்தேன்". காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பிரெஞ்சுக்காரர்களே இதைத் தப்பாக எழுதுவார்கள். கண்ணை மட்டும் நம்புங்கள்.

தொப்பிக்கு ஒரு பழங்கதை இருக்கிறது. "நீங்கள் பேசினீர்கள்" என்பதில் பழைய பிரெஞ்சில் நடுவே ஓர் எஸ் இருந்தது. உச்சரிப்பில் அது தேய்ந்துபோனதும், இருந்த இடத்துக்கு அடையாளமாகத் தொப்பியைப் போட்டார்கள். "நாங்கள் பேசினோம்" என்பதில் அந்த எஸ் ஆதியில் இருந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர் போட்டிருக்கிறார் என்று தானும் போட்டுக்கொண்டது. 1990 எழுத்துச் சீர்திருத்தம் ஐ, யு மேலிருந்த தொப்பிகள் பலவற்றைக் கழற்றலாம் என்றபோதும் இந்த விகுதிகளில் கைவைக்கவில்லை. தொப்பி இல்லாவிட்டாலும் புரியும் என்பது வேறு விஷயம்.

எதற்காக எழுதுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். வேகத்துக்காக என்று சொல்வேன். இப்படி ஒரு காட்சி: மழை பெய்துகொண்டிருந்தது. அவன் கதவைத் தட்டினான். கிழவி விளக்கை ஏற்றினாள், சாவியைத் தேடினாள், சற்று நேரம் காத்திருந்தாள், யார் என்று கேட்டாள். பிரெஞ்சில் மழை மட்டும் எம்பர்ஃபேயில் பின்னால் பெய்துகொண்டே இருக்கும். மற்றதெல்லாம் ஃப்ராப்பா, அல்யூமா, ஷெர்ஷா, ஆதாந்தி, துமாந்தா என்று படிப்படியாக இறங்கும். ஒன்று முடிந்து கதவை மூடிய பிறகுதான் அடுத்தது. துணைவினை இல்லாததால் வாக்கியம் எடை குறைந்து ஓடும். இதே வரிகளைப் பாஸே கோம்போஸேயில் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், ஒவ்வொரு வினைக்கு முன்னும் ஒரு 'ஆ' வந்து இடறும். குழந்தைக் கதைகளும் இதில்தான் இருக்கின்றன. வாயால் ஒருபோதும் சொல்லப்போகாத வடிவங்களைப் பிரெஞ்சுக் குழந்தை தூங்கப்போகும்போது கேட்டே பழகிவிடுகிறது.

அதனால்தான் இதைத் தமிழில் "உரைத்தனன்", "வினவினன்" என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. ரொட்டிக் கடையில் அது பழமை, கதைக்குள் அதுதான் இயல்பு. நமக்கு "சொன்னான்", "கேட்டாள்" போதும். உண்மையான தலைவலி எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. காம்யு 1942இல் வெளியிட்ட, தமிழில் 'அந்நியன்' என்று வந்த நாவலைப் பெரும்பாலும் பாஸே கோம்போஸேயில் சொன்னார். 1947இல் வெளியிட்ட கொள்ளைநோய் நாவலில் பாஸே செம்ப்ளுக்குத் திரும்பினார். முதல் நாவலின் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தீவு என்று தத்துவவாதி சார்த்ர் எழுதியதற்கு அந்தக் காலத்தேர்வும் ஒரு காரணம். தமிழில் கொண்டுவரும்போது இரண்டுமே "-ஆன்", "-ஏன்" என்றுதான் முடியும். "வந்திருக்கிறேன், பார்த்திருக்கிறேன்" என்று இருநூறு பக்கம் எழுதினால் வாசகர் அடிக்க வருவார்.

இனி உங்கள் வாக்கியம். ஃபினி என்பது ஒருமையில் நிகழ்காலத்துக்கும் பாஸே செம்ப்ளுக்கும் எழுத்துக்கூட மாறாது. இரண்டாம் வகை வினைகளில் இருக்கும் ஒரே உண்மையான பொறி இது. பன்மையில் இந்தக் குழப்பம் இல்லை. ஒருமையில் வந்தால் பக்கத்து வினையைப் பாருங்கள். அங்கே "லவா" நிற்கிறது. முதல் வகை வினை, 'ஆ' விகுதி, சந்தேகமே இல்லாத பாஸே செம்ப்ள். ஆகவே ஃபினியும் அதுவே.

நான் எழுதினால்: "அவள் கடிதத்தை எழுதி முடித்துவிட்டு எழுந்தாள்." பிரெஞ்சில் இரண்டு முற்றுவினைகள் சரிசமமாக நிற்கின்றன, நான் ஒன்றை எச்சமாக்கி மற்றதன் கையில் கொடுத்துவிட்டேன். "முடித்தாள், எழுந்தாள்" என்றும் எழுதிப் பார்த்தேன். அவள் கோபமாக எழுந்த மாதிரி இருந்தது. கதையில் அவள் கோபமாகத்தான் எழுந்தாள் என்றால் எனக்குத் தெரியப்படுத்துங்கள், மாற்றிக்கொள்கிறேன்.